ஜி பதினேழு, பதினெட்டு

எனக்கு ஜி பதினேழு, தம்பிக்குப் பதினெட்டு.
உட்கார்ந்த சூட்டிலேயே இடம் மாறிக்கொண்டோம்.
நான் அவனுக்கு வலப்பக்கம் இருந்தாக வேண்டும்.
இடது காது கணபதி பவுண்டரியில் போனது,
கிரைண்டிங் வீலுக்குப் பக்கத்தில்
பதினோரு வருஷம் நின்ற காது.
வலதில் இன்னும் கொஞ்சம் சரக்கிருக்கிறது.
நான் வாங்கிக் கொடுத்த மெஷின்
சட்டைப்பையில் பீடிக்கட்டுக்குப் பக்கத்தில் தூங்குகிறது.
போட்டால் விசிலடிக்குதாம்.

வீட்டுக்காரர் கிரிக்கெட் என்றார்.
மகளுக்கு இது கிழவர்கள் பாட்டு.
மிச்சம் மகுடேஸ்வரன்.
ஒரு காது போதுமென்று நினைத்துவிட்டேன்.

வாசலில் போஸ்டரைப் பார்த்துக் கேட்டான்:
"புளூகிராஸுன்னா நீலப் புல்லுங்களாக்கா?
கோ நாலு தெரியும், கோ அஞ்சு தெரியும்,
இத மாடு திங்குமா?"
எனக்கும் அதற்குமேல் தெரியாது.
ஆஸ்பத்திரி லேபில் நைட் டியூட்டி,
சென்ட்ரிஃபியூஜ் சுற்றி முடிக்கும் பத்து நிமிஷத்தில்
போனைத் தடவிக்கொண்டிருந்தபோது வந்து மாட்டியது.
இரண்டு வருஷமாக
யாரோ ஒரு மலைக்காட்டுப் பாட்டுக்காரன்
அடுத்தவர் ரத்தத்தோடு சேர்ந்து
என்னிடம் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

மேடையில் ஐந்து பேர். ஒரே ஒரு மைக்.
"டிரம்ஸ் எங்க?"
கிடையாது என்று தலையாட்டினேன்.
"முந்நூறு ரூவாய்க்கு ஒரு டிரம்ஸ் கூடவா இல்ல!"
முன்வரிசை திரும்பி முறைத்தது.
காது கேளாதவன் ரகசியம் ஊருக்கே கேட்கும்.

பாஞ்சோக்காரர் மைக்குக்கு வந்தார்.
டப்பா நிறைய போல்ட்டு நட்டைக் கொட்டி
கீழே விழுவதற்குள்
ஒன்றுவிடாமல் பொறுக்கினார்.
ஒதுங்கினார். ஃபிடில்காரப் பெண் நுழைந்தாள்.
நெரிசல் பஸ்ஸில் கண்டக்டர் போவதுபோல
தோளைச் சாய்த்து, இடிக்காமல்,
ஒருத்தர் விட்ட இடத்தில் ஒருத்தர்.
எனக்குத் தொண்டை அடைத்தது.
இவன் என்ன சொல்கிறான் என்று திரும்பினால்

மேடையையே பார்க்கவில்லை.
நாற்காலியின் இரும்புக் கைப்பிடிமேல்
உள்ளங்கையைப் பரப்பியிருந்தான்,
ஓடுகிற மோட்டாரில் பேரிங் சூடா என்று
தொட்டுப் பார்க்கிற அதே கை.
"அந்த ஆளுசரப் பொட்டி," என்றான்,
"அது மட்டும் வருது."
மத்தது?
"கை அசையுது. வாய் அசையுது."

கிளம்பிவிடலாமா என்றேன், காதோரம், கத்தி.
"இருங்க்கா. பொட்டி நல்லாத்தான் ஓடுது."

பிறகொரு மெதுவான பாட்டு.
ஃபிடில் தனியாக.
அந்தப் பொண்ணு என்ன பண்ணுதுன்னு கேட்டான்.
"ஏறுது."
இப்ப?
"இன்னும் ஏறுது."
"படியேறுதா?"
யோசித்தேன்.
"மருதமலைப் படியாட்ட இல்லடா. ரோட்டாட்ட.
வளைஞ்சு வளைஞ்சு."
ம் என்றான். அவன் கழுத்து
ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் சாய்ந்தது,
பைக்கில் போகிறவன் மாதிரி,
நான் எதுவும் சொல்லாமலிருந்தபோதும்.

வெளியே ஆடிக் காற்று
கணவாயிலிருந்து நேராக வந்து
சேலையைப் பிடித்து இழுத்தது.
பாலத்தடியில் காளான் கடை.
வெங்காயம் தூக்கலாக இரண்டு பிளேட்.
தகர மேஜையில் விரல் மடக்கித் தட்டினான்,
டும். டும்.
"எனக்குக் கெடச்சது இவ்வளவுதான்.
மேல என்ன போச்சுன்னு பாடுங்க."

நான் பாடினதே இல்லை.
பள்ளிக்கூடத்து வாழ்த்துப் பாட்டுக்கே வாயசைத்தவள்.
நாற்பத்தாறு வயதில், நாக்கில் காளான் சூடு,
லாலா என்று என்னமோ இழுத்தேன்.
கல்லில் கொத்திக்கொண்டிருந்தவர்
கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.
வெட்கத்தில் சீக்கிரம் முடிக்கப் பார்த்தேன்.
தம்பி என் வாயையே பார்த்தபடி தட்டினான்.
பாதியில் விரலை எடுத்துவிட்டான்.

"ஓடாதீங்க்கா," என்றான்.
"அந்தப் பொண்ணு கை
இத்தன வேகமாப் போகல."